அரைத்தூக்கம் காவல் இருந்த மூன்று குளங்கள்

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த நான்காவது நாள். மாமியார் அடுப்படியில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஆளைச் சொல்லித்தான் அடுக்குவார். பெரியவருக்கு, பெரியவனுக்கு, புதுசா வந்தவளுக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாக ஓரம் நசுங்கிய ஒரு தட்டைக் கையில் எடுத்தார்.

"இது அரைத்தூக்கத்துக்கு. அவன் சாப்பிட வர்றதுக்குள்ள தட்டு துருப்பிடிச்சுப் போயிடும்" என்றார்.

யார் அது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "சித்தப்பா பையன். பின்னால தொட்டிகிட்ட நிப்பான், போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். பதினான்கு வயது இருக்கும். ஒல்லியாக, உயரமாக, துணி துவைக்கும் தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். கண் இமை பாதிதான் திறந்திருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்கிற?"

"ஒரு சொட்டு விழுந்தா ஒரு வட்டம் வருது அண்ணி. அடுத்த சொட்டு விழறதுக்குள்ள அந்த வட்டம் சுவரைத் தொட்டுடுமான்னு பாக்கிறேன்."

"தொடுதா?"

"இன்னும் சரியாத் தெரியல."

"எவ்வளவு நேரமாப் பாக்கிற?"

கொஞ்சம் யோசித்தான். "நீங்க வந்த அன்னிக்கு ஆரம்பிச்சேன்" என்றான்.

உறவைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனாரின் ஒரே தம்பிக்கு இரண்டு மனைவி. மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை. இளையவள் பெற்றது இவன் ஒருவனைத்தான். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். மூத்தவளின் அண்ணன் பிற்காலத்தில் ஊராட்சித் தலைவரானார். பெற்ற தாயின் அண்ணன் இல்லை என்றாலும் இவன் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவரும் பதிலுக்கு, "என்னடா, முழிச்சிட்டியா?" என்றுதான் கேட்பார். எனக்கு அவன் கொழுந்தன். நான் அவனை எல்லோர் எதிரிலும் தம்பி என்பேன், மனசுக்குள் அரைத்தூக்கம் என்பேன்.

வளர்ந்த பிறகு வேலைக்கு அனுப்பிப் பார்த்தோம். செங்கல் சூளையில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இவன் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கல்லில் கட்டிய பள்ளிக்கூடத்து வடக்குச் சுவர் இன்றைக்கும் கறுப்பாக நிற்கிறது. பிறகு பஸ்ஸில் நடத்துநர். மழை பெய்தால் போச்சு. ஜன்னல் கண்ணாடியில் ஓடும் தண்ணீரோடு அவனும் ஓடுவான். விசில் ஊத மறந்து ஊர்க்காரர்களையெல்லாம் ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறக்குவான். நனைந்துகொண்டே திரும்பி நடந்தவர்கள் அவனைத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. அவன் யாரையும் எதிர்த்துப் பேசினதில்லை. "ஆமா, தப்புதான்" என்பான்.

இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று மாமியார் கவலைப்பட்டார். நான்தான் பேசி முடித்தேன். என் சின்னம்மா வழியில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி தையல்காரி. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். அவனைப் பற்றி ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். "பக்கத்துல ஒரு ஆள் சும்மா இருந்தாப் போதும் அக்கா. பேசறதுக்கு எனக்கு மெஷின் இருக்கு" என்றாள். பொருத்தம் அமைந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சாக்கடை. எல்லாம் சேர்ந்து கீழத்தெரு வழியாக வளைந்து போய் ஏரியில் விழும். கீழத்தெருக்காரர்கள் அந்த ஏரித் தண்ணீரைத்தான் எடுத்தார்கள். வெயில் காலம் வந்தால் அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு வராத வீடு இருக்காது. என் பெரிய நாத்தனாரின் இரண்டாவது பெண் குழந்தை அப்படித்தான் போனது. அதற்குப் பிறகுதான் ஊரே சேர்ந்து மனு எழுதிப் போட்டோம். மூன்று வருஷம் கழித்துத் தெருவெல்லாம் தோண்டிக் குழாய் புதைத்தார்கள். ஊருக்குக் கிழக்கே சரிவில் மூன்று குளம் வெட்டினார்கள்.

வெட்ட வந்த பொறியாளர் ஒரு பெண். ஸ்கூட்டரை விட்டு இறங்கினாலும் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டார், கழற்றினாலும் கக்கத்தை விட்டு இறக்க மாட்டார். அதனால் ஊரில் அவருக்குத் தலைக்கவசக்காரம்மா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு விளக்கினார்.

"இங்க மோட்டாரு, மிஷினு எதுவும் கிடையாது. உங்க வீட்டுத் தண்ணி முதல் குளத்துக்கு வரும், அங்க அழுக்கு அடியில உக்காரும். அடுத்து நடுக்குளம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்களும் பாசியும் அங்க இருக்கும். மிச்ச அழுக்கை அதுங்க தின்னுடும். கடைக்குளத்துக்கு வர்றப்ப தண்ணி தேறிடும். அப்புறம் ஏரிக்கு விடலாம். எல்லாம் தானா நடக்கும். ஆனா, ஒரே இடத்துல நின்னு தண்ணியப் பாத்துக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும். அவசரப்படாத ஆளா இருக்கணும்."

கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் பின்பக்கம் திரும்பியது. கடைசி பெஞ்சில் அரைத்தூக்கம் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கிற தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை கிடைச்சாச்சு" என்றார் தலைவர்.

அவனுக்கு அப்போது முப்பது வயது. அதற்கு முன் அவன் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டினதில்லை.

வேலை இதுதான். குழாய் வந்து சேரும் வாயில் ஒரு கம்பி வலை. காலையில் போனதும் அதில் சிக்கினதையெல்லாம் வாரியால் இழுத்துப் போட வேண்டும். கந்தல், முடி, பொம்மைக் கை, சீப்பு, என்னென்னவோ வரும். ஒரு தடவை பல்செட் வந்தது. அதைக் கழுவிக் காகிதத்தில் சுற்றித் தலைவர் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டான். ஒரு வாரமாகப் பொக்கை வாயோடு யாரோடும் பேசாமல் இருந்த தலைவர் மறுநாள் கூட்டம் போட்டார். அவனாகச் சொல்லி இது வெளியே வரவில்லை. தலைவரின் மனைவிதான் சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் சொன்னாள்.

வலைக்குப் பிறகு மேலே மிதக்கும் அழுக்கு ஏட்டை நீண்ட கழியால் ஒதுக்க வேண்டும். கரையில் புல் வெட்ட வேண்டும். எலி வளை போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு குளத்திலிருந்தும் ஒரு குப்பி தண்ணீர் எடுத்துக் கொட்டகை ஜன்னலில் வரிசையாக வைப்பான். வெயில் அடித்தால் அந்தக் குப்பிகள் கறுப்பும் பச்சையும் தேன்நிறமுமாகச் சுவரில் நிழல் போடும். அந்த நிழல் நகர்வதையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

அளவு பார்க்க ஒரு வழி அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார். ஒரு வெள்ளைத் தட்டைக் கழியின் முனையில் கட்டி நடுக்குளத்தில் இறக்க வேண்டும். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதை வைத்துத் தண்ணீருக்குள் பாசி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு சாணில் மறைந்தால் குளம் நன்றாக இருக்கிறது. எந்தத் தட்டைக் கட்டினான் தெரியுமா? மாமியார் அவனுக்கென்று ஒதுக்கி வைத்த ஓரம் நசுங்கிய தட்டு. வெள்ளை பெயின்ட் அடித்துக் கட்டியிருந்தான். "சாப்பிடத்தான் நேரத்துக்கு வரலை, இதுக்காவது ஆகட்டும்" என்று மாமியார் கொடுத்துவிட்டார்.

மத்தியானங்களில் தையல்காரி சாப்பாட்டை என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் கரை மேல் நடந்து போவேன். இப்படி ஒரு இடத்துக்கு நாற்றம் அடிக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் குளத்தருகே கொஞ்சம் அடிக்கும். நடுக்குளத்துக்கு வந்தால் மழை நின்ற பிறகு மண்ணில் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனைதான். தண்ணீர் தெரியாது. பச்சைப் பட்டை இழுத்துக் கட்டி வைத்த மாதிரி இருக்கும். உச்சி வெயிலில் அந்தப் பட்டு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். கிளம்பி, ஒரு கணம் நின்று, உடையும். சத்தம் கேட்கிறதா கேட்கவில்லையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். தட்டான்கள் வந்து அதன் மேல் நிற்கும். அங்கே உட்கார்ந்தால் எனக்கே இமை பாதி இறங்கிவிடும். வீட்டில் எதை அடுப்பில் வைத்தேன் என்பது மறந்துவிடும்.

"மூச்சு விடுது அண்ணி" என்பான். "காலையில தூங்கும். மத்தியானம்தான் முழிக்கும். சாயங்காலம் மறுபடி கண்ணைக் கட்டும்."

"உன்னை மாதிரின்னு சொல்லு."

"நான் மத்தியானமும் முழிக்க மாட்டேனே" என்றான் அவன்.

வலைக்குப் பக்கத்தில் நின்றே ஊரைத் தெரிந்துகொள்வான். எந்தத் தெருவில் விருந்தாளி, பள்ளிக்கூடம் என்றைக்குத் திறந்தது, எந்த வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் தண்ணீரில் தெரியுமாம். யார் வீட்டில் ஒளித்துக் குடிக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும் என்றான். யார் என்று நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்.

"தண்ணி என்கிட்ட சொன்னது என்கிட்டயே இருக்கட்டும் அண்ணி" என்றான். அந்த விஷயத்தில் மட்டும் அவன் கல்.

கடைக்குளத்தில் நாணல் வளர்ந்தது. அதில் அவனாகவே மீன் குஞ்சு விட்டான். அழுக்குத் தண்ணீரில் மீன் பிழைக்குமா என்று ஊர் சிரித்தது. பிழைத்தது. இரண்டாவது வருஷம் நீளக்கால் பறவைகள் மீனுக்கு வந்தன. கீழத்தெருவில் வயிற்றுப்போக்கு வராத முதல் வெயில் காலம் அதுதான். யாரும் அவனிடம் போய் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. கீழத்தெருவில் ஒருத்தி மட்டும் தன் கொடியில் காய்த்த முதல் பூசணிக்காயைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதைச் சமைக்க எடுத்துப் போக வேண்டும் என்று தோன்றாமல் மூன்று மாதம் அதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு வருஷம் இப்படிப் போனது. எட்டாவது வருஷம் மேல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இவ்வளவு சின்ன ஊருக்கு மூன்று குளமும் இவ்வளவு நிலமும் எதற்கு என்று அங்கே பேச்சாம். பத்து நாளில் ஆட்கள் வந்து கடைக்குளத்துத் தண்ணீரைக் குப்பியில் எடுத்துப் பரிசோதிப்பார்கள். தேறினால் குளங்கள் இருக்கும். தேறாவிட்டால் மண்ணடித்து மூடிவிட்டு, குழாயை நேரே ஏரிக்கே திருப்பிவிடுவார்கள். கீழத்தெருவின் தண்ணீர் பழையபடி ஆகும். அரைத்தூக்கத்துக்கு வேலை போகும்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவன், "தேறும்" என்று மட்டும் சொன்னான். பழையபடி கழியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தையல்காரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, இவரு தேறும் தேறும்னுட்டு நிக்கிறாரு. முதல் குளத்துல நாத்தம் வருதே, வர்றவங்க மூக்கைப் பொத்தினா என்ன பண்றது? குளத்தை மூடிட்டா இவரு மறுபடி தொட்டிகிட்ட போய் நிப்பாரு. அதை என்னால பாக்க முடியாது."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வீட்டைச் சுத்தமாக வைக்கத் தெரியும். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "வர்ற தண்ணியே சுத்தமா வந்தா நாத்தம் எப்படி வரும்? வீட்டுக்கு வீடு நல்லா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, பினாயில் ஊத்திக் கழுவி விடுவோம். அவன்கிட்ட சொல்ல வேண்டாம். சொன்னா, எதுக்கு அண்ணி சிரமம்பான்."

இவ்வளவுதான் நடந்தது. யோசனை என்னுடையது. இதை மட்டும் யார் மேலும் தள்ள மாட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். அவனுக்காக என்றதும் ஒரு வீடும் முடியாது என்று சொல்லவில்லை. ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த நன்றியையெல்லாம் மக்கள் தேய்ப்பதில் காட்டினார்கள். கடைக்காரர் இருந்த டப்பாவையெல்லாம் விற்றுவிட்டு டவுனுக்குப் போய் இன்னொரு வண்டிச் சரக்கு கொண்டுவந்தார். மூன்று நாள் காலையும் மாலையும் நாற்பத்திரண்டு வீட்டுக் கழிவறையும் குளியலறையும் பளபளத்தன. கீழத்தெருக்காரர்கள் இரண்டு மடங்கு ஊற்றினார்கள். ஊரே ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. வாசல் வழியே போன அரைத்தூக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யார் வீட்டுலயோ விருந்தாளி வர்றாங்க போல" என்றான். தையல்காரி குனிந்துகொண்டு மெஷினை வேகமாக மிதித்தாள்.

நான்காம் நாள் காலையில் ஊரே குளக்கரைக்குப் போனது, பார்த்து ரசிப்பதற்கு.

அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நடுக்குளத்தில் பச்சையே இல்லை. கண்ணாடி. அடியில் கிடந்த இலை தெரிந்தது. என்றைக்கோ விழுந்த ஒற்றைச் செருப்பு தெரிந்தது. மேகம் அப்படியே உள்ளே இறங்கி அடியில் படுத்திருந்தது. எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "சோதனைக்கு வர்றவன் குடிச்சே பாக்கலாம்" என்றார் தலைவர்.

அரைத்தூக்கம் கழியை இறக்கினான். ஒரு சாண். தட்டு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு சாண். கை நீளம். தோள் நனையும் வரை குனிந்து இறக்கினான். தட்டு அடியில் போய் மண்ணில் உட்கார்ந்தது. அப்போதும் அது வெள்ளையாக, ஓரத்து நசுங்கலோடு, மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் எழுந்து கடைக்குளத்துக்கு நடந்தான். நாங்களும் பின்னால் போனோம். மீன்கள் எல்லாம் வயிறு மேலே தெரிய நாணலோரம் ஒதுங்கிக் கிடந்தன.

"என்ன தம்பி, தண்ணி இவ்வளவு சுத்தமா இருக்கே" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் முழுதாகத் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரிய கண்.

"சுத்தம் இல்ல அண்ணி. காலி" என்றான். "உள்ள யாரும் இல்ல. தின்ன ஆள் இல்லாம இனிமே வர்ற அழுக்கெல்லாம் அப்படியே கிடக்கும். ரெண்டு நாள்ல நாறும்."

அதற்குள் கூட்டத்தில் தையல்காரியைப் பார்த்துவிட்டான். பவுடர் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் வெள்ளையாக உரிந்திருந்தது. அவளருகே போய்க் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யார் செய்தது என்று கேட்கவில்லை.

"எரியுதா?" என்றான்.

அவள் அழுதுவிட்டாள்.

அதுவரை அவன் யாரிடமும் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. அன்றைக்குத் தலைவரிடம் போய், "மாமா, எனக்குப் பஸ் வேணும்" என்றான்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் அதே வருஷம் அதே மாதிரி மூன்று குளம் வெட்டியிருந்தார்கள். அங்கே பச்சை உயிரோடு இருந்தது. அங்கிருந்து தண்ணீரும் அடிச் சேறும் கொண்டுவந்து இங்கே விட்டால் பூச்சியும் பாசியும் மறுபடி பெருகும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று சொன்னான். அது எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை வீட்டுக்கு ஒரு ஆளாக நாற்பத்திரண்டு பேர் மூடி போட்ட வாளியும் கேனுமாகப் பஸ்ஸில் ஏறினோம். அந்த ஊர்க் குளத்தைப் பார்த்துக்கொண்டவர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற மனிதர். அவருக்கு ஓட்டம் என்று பெயர். எங்கள் படையைப் பார்த்து அவரே நின்றுவிட்டார்.

"எங்க ஊர் அழுக்கு உங்களுக்கு எதுக்குங்க?"

"எங்க ஊர்ல அழுக்கு செத்துப்போச்சு" என்றார் தலைவர்.

திரும்பி வந்த பயணம் ஒரு கனவு மாதிரி இருக்கிறது எனக்கு. எல்லோர் காலிடுக்கிலும் பச்சைத் தண்ணீர். தளும்பிவிடக் கூடாது என்று ஓட்டுநர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பஸ் வளைவில் சாய்ந்தால் நாற்பத்திரண்டு பேரும் வாளியோடு சேர்ந்து சாய்ந்தோம், நிமிர்ந்தால் நிமிர்ந்தோம். மூடி இடுக்கு வழியாக அந்த மழை மண் வாசனை வந்தது. சொந்த ஊர்ச் சாக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிற கடைக்காரர், அடுத்த ஊர்க் கழிவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நடத்துநர் அரைத்தூக்கத்துக்குப் பழைய கூட்டாளி.

"இத்தனை உயிர் ஏறியிருக்கே, எத்தனை டிக்கெட் கிழிக்கிறது?" என்றார்.

"எண்ணி முடிச்சதும் சொல்றேன்" என்றான் அவன். பஸ் குலுங்கச் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தானோ என்னவோ.

கரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் குச்சி நட்டுக் காட்டினான். "கொட்டாதீங்க. இறக்குங்க. தூங்கற பிள்ளையைக் கீழே விடற மாதிரி விடுங்க." அப்படியே விட்டோம். கண்ணாடித் தண்ணீரில் பச்சை ஒரு புகை மாதிரி சுருண்டு இறங்கியது.

"இனிமே பவுடர் வேணாம், பினாயில் வேணாம்" என்றான். "எல்லாரும் வழக்கம்போல இருங்க. அதுதான் எனக்கு வேணும்."

"வழக்கம்போலன்னா?" என்றார் தலைவர்.

"வழக்கம்போலதான் மாமா."

அப்படியும் நாள் போதவில்லை. தலைக்கவசக்காரம்மாவும் மேல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரும் வந்த அன்று நடுக்குளம் துளிர் இலை நிறத்துக்குத்தான் வந்திருந்தது. முதல் குளம் நாறியது. தட்டு மூன்று சாணில் மறைந்தது. குப்பியில் எடுத்த தண்ணீரை ஒருவர் வெயிலில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கரை நிறைய ஊர் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் அந்த அம்மா அவனிடம். "போன வருஷம் நான் பாத்த குளம் இல்லையே இது."

"என் கவனக்குறைவுதாங்க. வாசனை வந்தப்பவே நான் கண்டுபிடிச்சிருக்கணும்."

"என்ன வாசனை? யார் என்ன ஊத்தினாங்க?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு தடவை கேட்டார். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவன் வேலை பிழைக்கும், ஆனால் பழி பெண்டாட்டி மேலும் ஊர் மேலும் விழும். தண்ணீர் சொன்னதை அவன் என்றைக்குமே வெளியில் சொன்னதில்லை. வந்தவரில் ஒருவர் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். காவலாளி கவனிக்கவில்லை, குளங்களை மூடலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

அப்போது தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினாள். எங்கே ஓடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானும் என் வயதுக்கு ஓடினேன். அவள் திரும்பி வந்து ஒரு காலி பவுடர் டப்பாவைக் கரையில் வைத்தாள். பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.

"யோசனை என்னுதுங்க. நல்லதுன்னு நினைச்சுப் பண்ணினோம்" என்றேன்.

பிறகு கீழத்தெருக்காரி ஒருத்தி தன் வீட்டுக்குப் போனாள். பூசணிக்காய் வைத்தவள் அவள்தான். அவள் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருவராகப் போய் எடுத்து வந்து வைத்தார்கள். டப்பா, குப்பி, டப்பா, குப்பி என்று நடுக்குளத்தின் ஒரு கரை முழுக்க வரிசை நின்றது. அதன் நிழலும் தண்ணீரில் தலைகீழாக நின்றது. கடைசியாகத் தலைவர் வந்து மூன்று வைத்தார். "எங்க வீடு கொஞ்சம் பெரிசு" என்றார்.

தலைக்கவசக்காரம்மா அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பார்த்தார். பிறகு அவர் தலைக்கவசத்தைத் தரையில் வைத்து முதல் தடவையாகப் பார்த்தோம். கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

எழுதினவரிடம், "சார், அதைக் கிழிச்சிடுங்க" என்றார். "இந்தக் குளம் வேலை செய்யாம கெட்டுப்போகல. இவ்வளவு விஷத்தைக் குடிச்சும் ஒரு வாரத்துல இந்த நிறத்துக்கு வந்திருக்கு. நாப்பது நாள் கொடுங்க. மறுபடி எடுத்துப் பாப்போம்."

கொடுத்தார்கள்.

அந்த நாற்பது நாளும் ஊருக்கு வேறு பேச்சில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறவர்கள் "தட்டு எவ்வளவு?" என்று கேட்டார்கள். மூன்று சாணில் கொஞ்ச நாள் நின்றது. இரண்டரைக்கு வந்தது. ஒரு மழை அடித்து மறுபடி மூன்றானதும் ஊரே கரைக்கு ஓடி வந்தது. அவன் மட்டும் பதறவில்லை. குப்பிகளை ஜன்னலில் வைத்துக்கொண்டு, நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமை மறுபடி பாதி இறங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் தையல்காரிக்கு நிம்மதி வந்தது. முப்பத்தோராம் நாள் மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது கையைக் காட்டி என்னைப் பேச வேண்டாம் என்றான். நடுக்குளம் பட்டாகியிருந்தது. உற்றுப் பார்த்தேன். ஒரு குமிழி கிளம்பி, நின்று, உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று. தட்டு ஒரு சாணில் மறைந்துவிட்டது.

நாற்பதாம் நாள் எடுத்த தண்ணீர் தேறியது. கடிதம் வந்ததும் படித்துவிட்டுக் குப்பிகளுக்குக் கீழே விரித்துப் போட்டான். குப்பி சொட்டினால் ஜன்னல் பலகை ஊறாமல் இருக்கும் என்றான். மீன் குஞ்சு மறுபடி விட்டான். நீளக்கால் பறவைகள் வர மட்டும் ஒரு வருஷம் பிடித்தது.

இது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஓட்டம் அந்த ஊர் வேலையை விட்டு எங்கோ ஓடிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் இவனைக் கேட்டார்கள். அவர்கள் கொடுத்த பச்சைக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செவ்வாயும் வியாழனும் அங்கே, மற்ற நாளெல்லாம் இங்கே. பஸ்ஸில் போகிறான். மழை பெய்தால் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருகிறான்.

இன்று வியாழக்கிழமை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க் குளக்கரையில் இருக்கிறான்.